கொடியில் காயும் வெள்ளைத் துணிகள்

நல்ல பகல் வெளிச்சம். ஒரு பெண் தன் அறை ஜன்னல் வழியே கீழே பார்க்கிறாள். கொடியில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் காய்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒருவன் நின்று அவளை அண்ணாந்து பார்க்கிறான். வெளிறிய முகமூடி, அடர்நிற உடுப்பு. அவள் மறுபடி பார்க்கும்போது துணிகள் மட்டும் காற்றில் ஆடுகின்றன. காட்சி அவ்வளவுதான்.

ஜான் கார்பெண்டரின் ‘ஹாலோவீன்’ படத்தைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இந்தத் துணிக்கொடியைப் பற்றித்தான். ‘பிடரி சில்லிட்டுப் போயிற்று’ என்பார் ஒருவர். ‘அதில் என்ன இருக்கிறது? படமே நகரவில்லையே’ என்பார் இன்னொருவர். 1978-ல் வந்த படத்துக்கு இன்றைக்கும் இதே இரண்டு தீர்ப்புகள்தான். இரண்டாவது கட்சியில் நானும் பல வருஷம் இருந்திருக்கிறேன்.

முதலில் பார்த்தது நண்பன் வீட்டு டிவியில், வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில். முடிந்ததும் ‘இதற்கா இத்தனை பேச்சு?’ என்றுதான் தோன்றியது. நெடுநாள் கழித்து முழு அகலத்தில் பார்க்க வாய்த்தபோது, அன்று என் கண்ணில் பட்டது பாதிப் படம் என்று புரிந்தது. கார்பெண்டரும் ஒளிப்பதிவாளர் டீன் கண்டியும் இதைப் பானாவிஷன் அகலத்திரைக்காக எடுத்தார்கள். உயரம் ஒரு பங்கு என்றால் அகலம் ஏறக்குறைய 2.35 பங்கு. பழைய டிவிப் பெட்டிக்கு அகலம் 1.33 தான். பெட்டியை நிரப்புவதற்காக இரண்டு பக்கமும் வெட்டினால் நாற்பது சதவீதத்துக்கு மேல் காணாமல் போகும். பல படங்களில் அந்த வெட்டில் ஒரு மரமோ சுவரோ போகும், கதைக்குச் சேதமில்லை. ‘ஹாலோவீன்’ ஓரத்திலேயே குடியிருக்கும் படம். கதாநாயகி லாரி பாடிக்கொண்டே தெருவில் நடந்து போகிறாள். நாம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். திரையின் ஓரத்திலிருந்து ஒரு தோள் உள்ளே வருகிறது, மூச்சுச் சத்தத்தோடு. அந்த ஓரம் வெட்டுப்பட்டால் மிச்சம் இருப்பது ஒரு பெண் நடந்து போவது மட்டும்தான்.

எனவே ‘நகரவில்லை’ என்பவர்களிடம் எனக்குக் கோபம் கிடையாது. எதில், எந்த அளவில் பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்பேன்.

அந்த அகலத்துக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்தால் வேடிக்கையான விடை வருகிறது. பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. தயாரிப்பாளர்களிடம் இருந்ததே சுமார் 3 லட்சம் டாலர். அதில் கணிசமான பங்கு காமிராவுக்குப் போயிற்று. தெருவில் கூட்டம் சேர்க்கக் காசில்லை. அதனால் ஹாடன்ஃபீல்ட் என்ற அந்தக் கற்பனை ஊரில் நீளமான நடைபாதைகளும், ஆளில்லாத புல்தரைகளும், வாசல்களும், வேலிச் செடிகளும்தான். பணமுள்ள இயக்குநர் அந்த இடங்களை நிரப்பியிருப்பார். கார்பெண்டர் அவற்றைக் காலியாக விட்டு, ஒரே ஒரு தடவை அங்கே ஒருவனை நிற்க வைக்கிறார். வேலிச் செடி ஓரமாக அவன் தெரிகிறான். தோழி போய்ப் பார்க்கிறாள், யாரும் இல்லை. அதற்குப் பிறகு படத்தில் வரும் ஒவ்வொரு வேலிச் செடியையும் நம் கண் தானாகத் துழாவ ஆரம்பிக்கிறது. அங்கே யாரும் இல்லாத நேரத்திலும் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம். திகில் வேலையை நம் கண்ணே செய்கிறது. அதற்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

இருட்டிலும் இதே கைவண்ணம்தான். லாரி தோழியின் உடலைக் கண்டு, அழுதுகொண்டே சுவரில் சாய்ந்து நிற்கிறாள். பக்கத்தில் ஒரு கதவு, உள்ளே கன்னங்கறுப்பு. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து முகமூடி கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்குகிறது. ஆள் முன்னால் வரவில்லை, அங்கேயே நின்றிருக்கிறான். ஒரு சிறிய விளக்கின் வெளிச்சத்தை டிம்மரில் மெல்ல ஏற்றினார் கண்டி. செய்தது அவ்வளவுதான். இருட்டுக்குக் கண் பழகும்போது பொருள்கள் எப்படித் தெரிய ஆரம்பிக்குமோ அப்படித் தெரிகிறது அந்த முகம். இவ்வளவு நேரமும் அங்கேயே இருந்திருக்கிறான், நமக்குத்தான் தெரியவில்லை என்று உறைக்கும்போது வயிற்றில் ஏதோ நழுவுகிறது. இத்தனை சிக்கனமான, இத்தனை நுட்பமான ஒளிப்பதிவைத் திகில் படங்களில் நான் அதிகம் கண்டதில்லை.

முகமூடியின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகமூடி ஒன்றைக் கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கினார்கள். படக்குழுவைச் சேர்ந்த டாமி லீ வாலஸ் அதன் புருவத்தை எடுத்து, கண் துளைகளைப் பெரிதாக்கி, வெள்ளைப் பெயின்ட் அடித்தார். ஒரு மனித முகத்திலிருந்து மனிதனை மட்டும் எடுத்துவிட்டது போல ஆயிற்று. அதை மாட்டிக்கொண்டு நடந்த நிக் காஸல் கார்பெண்டரின் நண்பர். நாளொன்றுக்கு 25 டாலர் சம்பளம். பெயர்ப் பட்டியலில் அவருக்கு எதிரே ‘உருவம்’ என்றுதான் போட்டிருக்கிறார்கள். அவர் ஓடுவதே இல்லை. ஓர் இளைஞனைச் சுவரோடு கத்தியால் குத்தி நிறுத்திவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்க்கிறார், பிறகு மறுபக்கம் சாய்த்து. தான் செய்தது என்னவென்று விளங்காத குழந்தையின் பார்வை அது. ஒரு சொல் இல்லாமல், ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல், கழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு காஸல் செய்த நடிப்பு.

இசை இல்லாவிட்டால் இதெல்லாம் எடுபட்டிருக்குமா? இதற்குக் கார்பெண்டரே ஒரு சாட்சியம் சொல்லியிருக்கிறார். ஒலிகளும் இசையும் சேர்க்காத படத்தை ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் இளம் பெண் அதிகாரி ஒருவருக்குப் போட்டுக் காட்டினார். அவருக்குக் கொஞ்சமும் பயமில்லை. இசை சேர்த்த பிறகு அவரே பார்த்துவிட்டு மனம் மாறினார். இந்தப் படத்தைப் பற்றிய முதல் பார்வையாளர் கருத்துகளில் ஒன்று ‘பயமில்லை’ என்பதுதான். அந்தத் தீர்ப்பைக் கார்பெண்டர் மதித்தார். மூன்று நாளில் தானே இசையமைத்துக் கொடுத்தார்.

அந்த மைய இசையைக் கவனித்துக் கேளுங்கள். மேற்கத்திய முறையில் ஐந்து அடித் தாளம். கார்பெண்டரின் தந்தை இசைப் பேராசிரியர். மகன் சிறுவனாக இருந்தபோது பாங்கோ வைத்து இந்தத் தாளத்தைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பியானோவின் நடையை நம் சொற்கட்டில் போட்டால் ‘தகிட தகிட தக தக’ என்று பத்து மாத்திரை வரும். முதல் இரண்டு தகிடவைக் கேட்டதும் காது இன்னும் இரண்டு தகிட வரும் என்று தயாராகிறது. வருவதோ தக, தக. ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரை பிடுங்கப்பட்டிருக்கிறது. அடுத்த ஆவர்த்தனம் நாம் காலூன்றும் முன்பே தொடங்கிவிடுகிறது. படிக்கட்டில் இறங்கும்போது கடைசிப் படி எதிர்பார்த்த இடத்தில் இல்லாத உணர்வு. இந்த இசை வராமல் வெறும் கீச்சொலிகள் மட்டும் இருந்திருந்தால் படத்தை மறந்திருப்போம்.

குறை சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கும் இடங்களும் உண்டு. லாரி கொலைகாரனைச் சாய்த்ததும் கத்தியை அவன் பக்கத்திலேயே போட்டுவிட்டு வருகிறாள், அதுவும் இரண்டு தடவை. தியேட்டரில் ஜனங்கள் அவளைப் பார்த்துக் கத்தியதாகப் படித்திருக்கிறேன்; நானும் சோபாவில் உட்கார்ந்து கத்தியிருக்கிறேன். எத்தனை ரசித்தாலும் அது திரைக்கதையின் பலவீனம்தான். கதை நடப்பது இல்லினாயில் அக்டோபர் மாதம். எடுத்தது தெற்கு கலிஃபோர்னியாவில் வசந்த காலத்தில். காய்ந்த இலைகளுக்காக இலைகளுக்குப் பெயின்ட் அடித்து, தெருவில் தூவி, ஷாட் முடிந்ததும் பொறுக்கி எடுத்து, அடுத்த இடத்தில் மறுபடி தூவினார்கள். தரையெல்லாம் சருகு, தலைக்கு மேலே பச்சை மரம். ஒரு மூலையில் பனை இனத்து மரம்கூட எட்டிப் பார்க்கிறது. எனக்கு இந்தக் குறை பிடிக்கும். சருகைப் பொறுக்கிய கைகள் தெரிகின்றன.

‘ரத்தமே இல்லையே’ என்பது அடுத்த புகார். உண்மை. 1963-ல் நடக்கும் தொடக்கக் கொலைக்குப் பிறகு இன்னொரு மனிதக் கொலையைத் திரையில் காண முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இந்தப் படத்தின் வசூலைக் கண்டு 1980-ல் வந்த ‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’ போன்றவை ரத்தத்தைத் தாராளமாகக் கொட்டின. அவற்றைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு இது பத்தியச் சாப்பாடாகத் தோன்றலாம். எனக்கோ காத்திருப்பதுதான் இந்தப் படத்தின் ருசி.

‘அவன் ஏன் கொல்கிறான்?’ என்பதும் நம் ஊரில் தவறாமல் வரும் கேள்வி. ‘ஹாலோவீன்’ 1978 அக்டோபர் 25-ல் கான்சஸ் சிட்டியில் திரைக்கு வந்தது. மூன்று நாள் கழித்து, அக்டோபர் 28-ல், இங்கே பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வெளியாயிற்று. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. இருந்தாலும் அருகருகே வைத்துப் பார்க்கப் பிடிக்கும். கமல் ஹாசன் நடித்த கொலைகாரனுக்கு ஒரு பால்யம் இருக்கிறது, காயம் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு நாம் ஒருவாறு ஆறுதலடைகிறோம். ‘ஹாலோவீன்’ கொலைகாரன் மைக்கேல் மையர்ஸுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஆறு வயதுப் பையன், கோமாளி உடுப்பு, கையில் கத்தி, எதிரே திகைத்து நிற்கும் அம்மா அப்பா. காரணத்தை மறைத்தது கார்பெண்டர் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று.

எதிர்ப்புகளில் கனமானது ஒன்று உண்டு. காதலனோடு இருக்கும் பெண்கள் சாகிறார்கள், புத்தகமும் கையுமாக இருப்பவள் பிழைக்கிறாள். இது பெண்களுக்குச் சொல்லும் ஒழுக்கப் பாடம் என்பது. கரோல் கிளோவர் என்ற அறிஞர் இத்தகைய படங்களை 1987-ல் ஆராய்ந்து, கடைசியில் மிஞ்சும் அந்தப் பெண்ணுக்கு ‘இறுதிப் பெண்’ என்று பெயர் வைத்தார். பார்க்க வரும் ஆண்களும் அவள் கண் வழியாகவே பார்க்கிறார்கள் என்றார். நான் இந்தப் படத்தைப் பொறுத்தவரை கிளோவர் பக்கம். லாரியாக நடித்த ஜேமி லீ கர்ட்டிஸுக்கு அப்போது 19 வயது, முதல் படம். அவர் கண்களைக் கவனியுங்கள். வகுப்பில் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் காரைப் பார்ப்பவள் லாரிதான். வேலிச் செடி ஓரத்து ஆளையும் துணிகளுக்கு நடுவே நிற்பவனையும் அவள்தான் பார்க்கிறாள். தோழிகள் போனில் பேசுகிறார்கள், துணி துவைக்கிறார்கள், சிரிக்கிறார்கள், ஓரத்தைப் பார்ப்பதில்லை. லாரியின் கற்பைப் பற்றிப் படத்துக்கு என்ன கருத்தோ, எனக்கு அக்கறையில்லை. அவள் ஒரு நல்ல பார்வையாளர்.

பெரிய வினியோகஸ்தர்கள் யாரும் தொடாத படம் இது. பார்த்தவர் பார்க்காதவரிடம் சொல்லிச் சொல்லியே அமெரிக்காவில் மட்டும் 4 கோடி 70 லட்சம் டாலர் வசூலித்தது. 2006-ல் அந்நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம் பெற்றது.

கடைசியாக முடிவைப் பற்றி. ‘அரைகுறையாக விட்டுவிட்டார்கள்’ என்று சொல்லாதவர் குறைவு. மைக்கேலின் மனநல மருத்துவர் டாக்டர் லூமிஸ் ஆறு தடவை சுடுகிறார், உருவம் மாடியிலிருந்து கீழே விழுகிறது, எட்டிப் பார்க்கிறார், புல்தரை காலி. லூமிஸாக நடித்த டொனால்ட் பிளெசன்ஸ் அந்த முகபாவத்தை இரண்டு விதமாகச் செய்து கொடுத்தார், ஒன்று அதிர்ச்சி, இன்னொன்று இப்படித்தான் ஆகும் என்று தெரிந்தவரின் முகம். படத்தில் இருப்பது இரண்டாவது. அவருக்கு வியப்பில்லை. லாரி முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள்.

அப்புறம் காமிரா யாரையும் காட்டுவதில்லை. கூடம், மாடிப்படி, தெருவில் வரிசையாக வீடுகள். எல்லாம் இவ்வளவு நேரம் நாம் பார்த்த இடங்கள். இப்போது ஒருவரும் இல்லை, முகமூடிக்குள்ளிருந்து வரும் மூச்சு மட்டும் ஒவ்வொரு இடத்திலும் கேட்கிறது. கடைசியாக மையர்ஸ் வீடு. முழு அகலத்தில் பார்த்த அன்று, திரை இருண்ட பிறகும் நான் அந்த வீட்டு ஜன்னல்களையே துழாவிக்கொண்டிருந்தேன்.