கடல் கயாக்கின் லட்சணம்

வடபுலக் கடல்களில் வேட்டையாடி வாழ்ந்த மக்கள் சமைத்த கயாக் என்னும் தோல் ஓடத்தில், கிரீன்லாந்துச் சம்பிரதாயமும் அலூட் சம்பிரதாயமும் வடிவத்தால் வெகுவாக வேறுபட்டாலும், அதில் அமரப்போகிறவனுடைய சரீரமே ஓடத்தின் முதற் பிரமாணம் என்ற கொள்கையில் இரண்டும் ஒன்றுபட்டு நிற்கின்றன.

மரம் அரிதான கிரீன்லாந்தில், சைபீரிய நதிகள் கடலில் சேர்க்க, பனிப்பாளங்களோடு மிதந்து வந்து கரையொதுங்கிய கட்டைகளே கயாக்கின் எலும்புக்கூடாயின. வேடன் இரு கைகளையும் விரித்தால் வரும் பாகத்தைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு நீளம், இடுப்போடு இரு கைமுஷ்டி சேர்ந்த அகலம் என்பது அங்கே பரவலாக வழங்கிய கணக்கு. ஊருக்கு ஊர் இது சற்றே மாறியதும் உண்டு. ஆனால் நிபுணத்துவம் முழுவதும் வெளிப்பட்ட இடம், தொடைகளுக்கு மேலே வளைந்து நிற்கும் மாசிக் என்னும் குறுக்குச் சட்டம் என்பதே என் அபிப்பிராயம். அது ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டால் தொடைகளுக்குப் பிடிமானம் போய்விடும். கவிழ்ந்த ஓடத்தை, உள்ளிருந்தபடியே இடுப்பைச் சுழற்றி நிமிர்த்துவது கடினமாகும். உறைகுளிர் நீரில் அது உயிரோடு விளையாடும் காரியம். தாழ்ந்துவிட்டாலோ, நெடுநேர வேட்டையில் கால்கள் மரத்துப்போகும்.

அலூட் மக்களின் ஓடத்துக்குப் பிளவுபட்ட முன்முகமும், மூன்று துண்டுகளாக இணைத்த நடு அடிச்சட்டமும் விசேஷ லட்சணங்கள். இணைப்புகளில் எலும்புத் தகடுகள் வைத்த ஓடங்களும் உண்டு. ஆணியை நம்பாமல் கழுந்தும் துளையுமாகவும் கட்டுக்களாலும் பொருத்திய சட்டம் அலைக்கேற்ப நெளிந்துகொடுத்தது. அந்தச் சட்டத்தின்மேல், ஊசி தோலின் மறுபுறம் துளைத்துச் செல்லாதபடி தையலிட்டு நீர் புகாமற் காத்த பெண்களின் கைத்திறனை, தச்சனுடைய திறனுக்கு ஒரு படியும் குறைவாக மதித்தல் தகாது.

1959-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர் கென் டெய்லர் கிரீன்லாந்தின் இக்லோர்சூயிட் கிராமத்திலிருந்து கொணர்ந்த கயாக், பிரிட்டிஷ் மரபுக்கு வித்தாயிற்று. பின்னர் 1975-இல் நார்வேயின் வடமுனைக்குச் சென்ற யாத்திரையோடு ‘நார்ட்காப்’ என்ற கண்ணாடியிழைக் கயாக் பிரசித்தி பெற்றது.

அச்சில் வார்த்த ஓடம் ஒருவனுக்கென்று பிறப்பதில்லையாதலால், பொருத்தத்தை வாங்குகிறவனே தேடிக் காணவேண்டும். பாதம், தொடை, இடுப்பு, முதுகு ஆகிய நான்கும் இறுக்கமின்றி ஓடத்தைத் தொடவேண்டும். இடுப்பில் விடும் சிறு இடைவெளியை நுரைப்பஞ்சால் நிரப்பலாம், ஆனால் தாழ்வான மேல்தளத்தை உயர்த்த வழியில்லை. கட்டுமானத்தைப் பரீட்சிக்க, மேல்தளத்தை உள்ளங்கையால் அழுத்தி அது எவ்வளவு அமுங்குகிறது என்று பார்ப்பதும், மேல்தளமும் அடித்தளமும் கூடும் விளிம்பை விளக்கொளியில் முழுநீளமும் நோக்குவதும், ஓடத்தின் உள்ளறைகளுள் ஒன்றில் நீர் விட்டு அதன் தடுப்புச் சுவரில் கசிவுண்டா எனக் காண்பதும் அவசியம். எடை குறைவதை மட்டும் மேன்மையென்று கொள்வது பிழை. பாறைக் கரையில் இறங்குகிறவனுக்கு அடித்தளத்தின் தடிப்பே துணை. இவ்வளவும் தேறிய பின், நீரில் ஒருபுறம் சாய்த்து, தொடையின் பிடியாலேயே அச்சாய்வை நிலைநிறுத்திப் பார்த்தபிறகே விலை பேசவேண்டும்.