ஆட்டம் விலைபோகும் இடம்

1949 இல் வெளிவந்த ‘த செற் அப்’ என்ற ஹொலிவூட் படத்தில் ஓர் ஆட்டத்தின் விலை 50 டொலர். அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்பவர் குத்துச்சண்டை வீரனின் முகாமையாளர். தோற்றுப்போகும்படி வீரனிடம் அவர் சொல்லவேண்டும், அதுதான் பேரம். அவர் சொல்லவில்லை. ஸ்ரோக்கர் தொம்சனுக்கு 35 வயதாகிவிட்டது, எதிராளி இளைஞன். எப்படியும் விழப்போகிறவனிடம் விசயத்தைச் சொல்லிப் பங்கும் கொடுப்பானேன் என்பது முகாமையாளரின் கணக்கு. தான் விற்கப்பட்டது தெரியாமலே ஸ்ரோக்கர் மேடையேறுகிறான்.

ஊழலைப் பற்றிய படங்களில் இவ்வளவு கூர்மையான தொடக்கம் அரிது. இலஞ்சம் கொடுப்பவனும் வாங்குபவனும் மோதும் கதைகள் ஏராளம். இங்கே மூன்றாவதாக ஒருவன் இருக்கிறான். அவனுடைய தோல்வியை எல்லோரும் முன்கூட்டியே நிச்சயித்துவிட்டதால் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூட எவருக்கும் தோன்றவில்லை. வன்னியில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இந்த நிலைமையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடியவிடியப் படம் பார்த்த எங்கள் தலைமுறைக்கு ஆங்கிலச் சண்டைப்படம் என்றால் புறூஸ் லீ, ஜாக்கி சான், மிஞ்சினால் ‘றொக்கி’. கறுப்பு வெள்ளையில் வந்த இந்தப் பழைய படங்கள் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. இன்றைக்குக் கைத்தொலைபேசியில் தேடிப் பார்க்கிற பிள்ளைகளும் நிறம் இல்லை என்றதும் தள்ளிவிடுகிறார்கள். நட்டம் அவர்களுக்குத்தான்.

படம் ஓடுவது 72 நிமிடம். கதை நடப்பதும் ஏறக்குறைய அதே நேரம். தெருக் கடிகாரம் இரவு 9.05 காட்டும்போது தொடங்கி, பத்தேகால் தாண்டும்போது முடிகிறது. பின்னணி இசை என்று தனியாக எதுவும் கிடையாது. தெருவிலும் மதுச்சாலையிலும் கேட்கிற பாட்டு மட்டும்தான் காதில் விழும். இயக்குநர் றொபேட் வைஸ் இந்தக் கட்டுப்பாட்டைத் தானாகவே ஏற்றுக்கொண்டவர், அதனால் அவருக்குக் கிடைத்த இலாபம் பெரியது. உடுப்பு மாற்றும் அறையில் ஒவ்வொரு வீரனாக எழுந்து போகிறான், ஒவ்வொருவனாகத் திரும்பி வருகிறான். ஒருவன் வென்று வருகிறான், இன்னொருவனைத் தூக்கி வருகிறார்கள். ஸ்ரோக்கர் சுவரோடு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வசனம் தேவைப்படவில்லை. ஸ்ரோக்கராக நடித்த றொபேட் றயன் கல்லூரிக் காலத்தில் உண்மையாகவே குத்துச்சண்டை ஆடியவர். கையை எங்கே வைத்துக்கொள்வது, களைத்த கால் எப்படி நகரும் என்பதெல்லாம் அவருக்கு நடிப்பு அல்ல. ஒளிப்பதிவாளர் மில்ற்றன் கிறாஸ்னருக்கு அந்த ஆண்டு கான் விழாவில் பரிசு கிடைத்தது.

எனக்கு மேடையை விடக் கூட்டம்தான் முக்கியமாகப் படுகிறது. தின்றுகொண்டே பார்க்கும் தடித்த மனிதன், கொல்லு கொல்லு என்று கத்தும் பெண், காதில் வானொலியை வைத்து இன்னொரு விளையாட்டின் வர்ணனை கேட்பவன். கண் தெரியாத ஒருவர் பக்கத்திலிருப்பவரை வர்ணிக்கச் சொல்லி, அடி விழும் இடத்தைக் கேட்டு மகிழ்கிறார். கமெரா இவர்களிடம் மறுபடி மறுபடி வருகிறது. பந்தயக்காரனுக்குப் பணம் வருவது இவர்களின் பையிலிருந்துதான், அதனால் ஊழலின் ஒரு கால் பார்வையாளர் வரிசையிலும் ஊன்றியிருக்கிறது. படம் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கெட்டிருக்கும்.

குறைகளுக்கு வருவோம். இந்தப் படம் ஜோசப் மொங்கியூர் மார்ச் என்ற கவிஞர் 1928 இல் எழுதிய கதைக்கவிதை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. கவிதையின் நாயகன் ஒரு கறுப்பினத்தவன். திரையில் அவன் வெள்ளையனாகிவிட்டான். ஜேம்ஸ் எட்வட்ஸ் என்ற கறுப்பின நடிகருக்கு உடுப்பு மாற்றும் அறையில் நல்லதொரு சிறு வேடம் கொடுத்துச் சரிக்கட்டியிருக்கிறார்கள். யாருடைய தோல்வியை உலகம் முன்கூட்டியே நிச்சயிக்கிறது என்பதுதான் கதையின் உயிர்நாடி என்றால், அந்த நாடியை அறுத்துவிட்டுத்தான் படம் எடுக்கத் தொடங்கினார்கள்.

இரண்டாவது குறை இந்த ஒரு படத்தோடு நிற்பதல்ல. ஸ்ரோக்கர் எதிராளியை நொக் அவுட்டில் வீழ்த்துகிறான். ‘பொடி அன்ட் சோல்’ (1947) படத்தில் ஜோன் கார்ஃபீல்டும் பேரத்தை மீறி அடித்து வீழ்த்தித்தான் வெல்கிறார். நொக் அவுட்டில் இயக்குநர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. விழுந்தவன் விழுந்தவன்தான். புள்ளி போட ஆள் தேவையில்லை. கேள்வி கேட்க இடமில்லை. ஆகவே நடுவர் மேசைப் பக்கம் கமெரா போகவே வேண்டியதில்லை. கெட்டவர்கள் சுருட்டுப் புகைக்கும் தாதாக்கள், நல்லவன் கடைசியில் அடித்துவிடுவான், பிறகு அவன் கையை உடைப்பார்கள், மனைவி அவனை அணைத்துக்கொள்வாள். நேர்மை தனி ஆளின் முஷ்டிக்குள் சுருங்கிவிடுகிறது.

நிசத்தில் நடந்ததைப் பாருங்கள். ஜேக் லமோட்டா 1947 நவம்பரில் பில்லி ஃபொக்ஸிடம் வேண்டுமென்றே தோற்றார். 1960 இல் அமெரிக்க செனட் விசாரணையில் அதை அவரே ஒப்புக்கொண்டார். தோற்றதற்கு அவர் சொன்ன காரணம், உலகப் பட்டத்துக்கு ஆடும் வாய்ப்பு. அதற்காகத் தன் கையிலிருந்தும் 20,000 டொலர் கொடுத்ததாகச் சொன்னார். வாய்ப்பு 1949 யூனில் வந்தது, பட்டத்தையும் வென்றார். ‘த செற் அப்’ வெளியான அதே ஆண்டு! திரையில் ஆட்டத்தை விற்றார்கள், வெளியே ஆட்டத்துக்குள் நுழையும் கதவை விற்றார்கள். இரண்டாவது வியாபாரம்தான் பெரியது. அதைப் படமாக்குவதுதான் கடினம், ஏனென்றால் அங்கே இரத்தம் இல்லை.

நடுவர் மேசையும் அப்படித்தான். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் றோய் ஜோன்ஸ் கொரிய வீரரை 86 தடவை அடித்தார், 32 அடி வாங்கினார், 3 – 2 என்று தோற்றதாக அறிவித்தார்கள். 2016 றியோ ஒலிம்பிக்கில் நடுவர்களைக் கொண்டு முடிவுகள் கையாளப்பட்டன என்று றிச்சட் மக்லறென் தலைமையிலான விசாரணை 2021 இல் சொன்னது. சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கத்தின் அங்கீகாரத்தையே 2023 இல் ஒலிம்பிக் குழு பறித்தது. இத்தனை கதை கிடந்தும் படமெடுப்பவர்களுக்கு இன்னும் தாதாதான் வேண்டியிருக்கிறது.

தமிழ்ப் படங்கள் இந்த விசயத்தில் ஹொலிவூட்டை விட ஒரு படி முன்னே போனதாகவே நினைக்கிறேன். ‘பூலோகம்’ (2015) தொலைக்காட்சி முதலாளியை வில்லனாக்கியது, ஆனால் றொபேட் வைஸ் கூட்டத்தின் முகத்தில் காட்டியதை அது நீண்ட வசனமாகப் பேசித் தீர்த்தது. சுதா கொங்கராவின் ‘இறுதிச்சுற்று’ (2016) சங்க அலுவலகத்துக்குள் துணிந்து நுழைந்தது. பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் இருப்பதற்கு அவளிடம் என்ன விலை கேட்கப்படும் என்று காட்டியது. பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’யில் (2021) முதற்பாதி முழுக்கத் தெரிவைப் பற்றியது: பரம்பரையின் மானத்துக்கு யார் மேடையேறுவது, ராமனா கபிலனா, அதைத் தீர்மானிக்கும் வாத்தியாரின் சொல்லுக்கு எதிரே சாதியும் உறவும் எப்படி நெளிகின்றன. நெருக்கடிநிலைக் கால மெட்ராசை விட அந்தத் தெரிவுக் காட்சிகள்தான் எனக்குப் புதிதாக இருந்தன. ஆனால் கடைசியில் கபிலனும் அடித்து வீழ்த்தத்தான் வேண்டியிருக்கிறது.

வன்னியில் பந்தயக்காரர் யாரும் எங்கள் பிள்ளைகளின் ஆட்டத்தை விலைக்கு வாங்க வருவதில்லை. வாங்குமளவுக்கு இங்கே பணம் புரள்வதில்லை. எங்கள் ஆட்டம் அதற்கு வெகு முன்னரே விலைபோகிறது. போர்க்காலத்தில் கொழும்புப் போட்டிக்குப் போக ஓமந்தைச் சாவடியைக் கடக்கவேண்டும். இப்போது சாவடி இல்லை, 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை இருக்கிறது. போக்குவரத்துக் காசு இருக்கிறது, ஒரு கிழமைக்கு முன்னர் வரவேண்டிய கடிதம் முதல் நாள் வருவது இருக்கிறது, தெரிவில் முதலாவதாக வந்த பிள்ளையின் பெயர் பட்டியலில் இல்லாமற் போவது இருக்கிறது. கேட்டால் மேலிடத்து முடிவு என்பார்கள். அதற்கு மேல் கேட்க ஆளிருக்காது.

முல்லைத்தீவைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி 2022 சனவரியில் பாகிஸ்தானில் நடந்த சவாட் கிக்பொக்ஸிங் போட்டியில் தங்கம் வென்றபோது ஊரே கொண்டாடியது. கொண்டாடவேண்டியதுதான். ஆனால் வறுமையை வென்ற வீராங்கனை என்று எழுதி முடித்துவிடுவது நொக் அவுட் படத்தின் முடிவுதான். ஒருத்தி எல்லாத் தடையையும் அடித்து வீழ்த்தினால் தடைகளை வைத்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவேண்டியதில்லை. கதவோடு நின்றுபோன பிள்ளைகள் எந்தச் செய்தியிலும் வரமாட்டார்கள்.

இலங்கையில் 2019 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டம் ஆட்டநிர்ணயத்துக்கு 10 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. நல்ல சட்டம். பிடிபடுவது 50 டொலர் முகாமையாளர்கள் என்றால் அது போதும். தெரிவில் நடக்கும் கள்ளத்துக்கு வேறு வழி வேண்டும், அதில் ஒன்று ஏற்கனவே கையில் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் அரச அலுவலகம் ஒன்றிடம் தெரிவுப் புள்ளித்தாளைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் சொல்லியாகவேண்டும்.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் உள்ள விளையாட்டுக் கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மாலையில் வாசிகசாலையில் ‘த செற் அப்’ படத்தைப் போட்டுப் பாருங்கள். மறுநாள் கழகத்தின் பெயரில் அந்த விண்ணப்பத்தை எழுதுங்கள். தெரிவுப் போட்டி நடத்தும் உத்தியோகத்தர்களிடமும் கேட்கிறேன்: போட்டி முடிந்த அன்றே நேரமும் தூரமும் புள்ளியும் போட்ட தாளைப் பிரதேச செயலக அறிவித்தற் பலகையில் ஒட்டிவிடுங்கள், எவரும் விண்ணப்பம் எழுதவேண்டி வராது.