வலியை வாசிக்க மறுத்தவர்கள்

2022 நவம்பரில் சென்னைக் கால்பந்தாட்டக்காரர் பிரியாவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் ‘வீராங்கனை’, ‘கனவு’, ‘தன்னம்பிக்கை’ ஆகிய சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. ‘வலி’ என்ற சொல் ஓரத்தில் நின்றது. அதை நடுவில் வைத்து அந்த நிகழ்வை மறுபடி வாசிக்க வேண்டியிருக்கிறது.

பிரியாவுக்கு 17 வயது. வியாசர்பாடிப் பெண். ராணி மேரிக் கல்லூரியில் உடற்கல்வி முதலாண்டு படித்தவர். முழங்கால் ஜவ்வு கிழிந்ததற்காக நவம்பர் 7 அன்று பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. காலில் போட்ட கட்டு இறுகி ரத்த ஓட்டம் தடைபட்டது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு மாற்றி வலது காலை எடுத்தார்கள். நவம்பர் 15 அன்று இறந்துபோனார். கவனக்குறைவு என்று அரசு ஒப்புக்கொண்டது. இரண்டு மருத்துவர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரப்பட்டது.

‘கவனக்குறைவு’ என்பது வசதியான சொல். யாருடைய எந்தச் சொல்லைக் கவனிக்கவில்லை என்பதை அது சொல்வதில்லை. கட்டு இறுகும்போது உடல் தரும் முதல் எச்சரிக்கை, அறுவைக்குப் பொருந்தாத அளவுக்கு மீறிய வலி. கால் மரத்துப்போவதும் நாடி அடங்குவதும் பின்னால்தான். கண்ணுக்குத் தெரியும் அடையாளத்துக்காகக் காத்திருந்தால் சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். இங்கே நோயாளியின் வாய்ச்சொல்தான் முதல் பரிசோதனை அறிக்கை.

அந்த அறிக்கை ஏன் வாசிக்கப்படுவதில்லை? விளையாடுகிற பெண்ணை வலியோடு ஓடப் பழக்குகிறோம். பிறகு அவள் வலி என்றால், பழகியவள்தானே என்கிறோம். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலும் இதே இலக்கணம்தான். விடியுமுன் ஜீப்பேறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்ணும், திராட்சைப் பந்தலுக்குக் கீழே நாளெல்லாம் கைதூக்கி நிற்கிற பெண்ணும் இடுப்பு வலி, தோள் வலி என்றால் கிடைக்கும் பதில், “வேலை செஞ்சா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்க தாயி.” அவர்கள் மகள் கபடியில் முழங்காலை முறித்துக்கொண்டு கானாவிலக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, அந்தப் ‘பொறுத்துக்க’வையும் கூடவே சுமந்து போகிறாள்.

பெண் உடலைப் பார்க்கவே தெரியாத சமூகமா இது? புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். உடனே அவருக்குப் பாலினச் சோதனை நடந்தது, பதக்கம் பறிபோனது, அவருடைய உடல் ஊரறிந்த செய்தியானது. செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளைச் சந்தேகிக்க நிபுணர்களும் நேரமும் கிடைத்தார்கள். உழைப்பாளர் வீட்டுப் பெண் ஜெயித்தால் அவளைத் துருவிப் பார்க்கிறார்கள். படுத்தால் யாரும் பார்ப்பதில்லை. இரண்டிலும் அவள் சொல்வதற்கு மதிப்பில்லை.

காலை இழந்த பிறகும், திரும்பி வருவேன், கவலைப்படாதீர்கள் என்று தோழிகளுக்குச் செய்தி வைத்தார் பிரியா. அதைத் தன்னம்பிக்கை என்று பாராட்டினோம். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது: படுக்கையில் கிடந்தவள் மற்றவர்களைத் தேற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையையும் நாம் பெண்பிள்ளைகளிடமே விட்டுவைத்திருக்கிறோம்.

வார்டில் காய்ச்சலும் ரத்த அழுத்தமும் மணிக்கணக்குப்படி குறிக்கப்படுகின்றன. அதே தாளில் இன்னும் மூன்று குறிப்புகள் எழுதப்பட வேண்டும்: வலிக்கிறது என்று அவள் சொன்ன நேரம், கேட்டவர் பெயர், அவர் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்த நேரம். இதற்குப் புது இயந்திரம் வேண்டாம். அவள் சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு பேனா போதும்.