சிப்பாய் என்ன சாப்பிட்டான்?

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65) பற்றிய புத்தகங்கள் அலமாரி கொள்ளாது. அதில் எனக்குப் பிடித்தது ஜான் பில்லிங்ஸ் 1887ல் வெளியிட்ட 'ஹார்ட்டேக் அண்டு காபி'. தலைப்பே சாப்பாடுதான். ஹார்ட்டேக் என்பது மாவும் தண்ணீரும் சேர்த்துச் சுட்ட, கல் மாதிரியான பிஸ்கட். காபியில் ஊறப்போட்டால் உள்ளே குடியிருக்கும் வண்டு மிதந்து மேலே வரும். எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்க வேண்டியதுதான். ஆளுக்குப் பாதித் துணி சுமப்பார்கள். இரண்டு பேர் பொத்தான் போட்டுச் சேர்த்தால் ஒரு கூடாரம். பில்லிங்ஸ் ஜெனரல் இல்லை. பீரங்கிப் படையில் ஒரு சாதாரண ஆள். அதனால்தான் புத்தகத்தில் வீரத்தைவிடப் பசி அதிகம்.

சரி, இந்த மாதிரி நம்மிடம் என்ன இருக்கிறது?

அதே நூற்றாண்டின் தொடக்கத்தில், 1801ல், நம் தெற்கத்திச் சீமையில் ஒரு போர் நடந்தது. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பினார். மார்ச் 31ல் கம்பெனிப் படை மோதித் தோற்றது. மே 24ல் பிடித்தது. அக்டோபர் 24ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். இதை வெள்ளைக்காரன் - தமிழன் சண்டை என்றே படித்திருக்கிறோம். ஆனால் கம்பெனியின் சிவப்புக் கோட்டுக்குள் இருந்தவர்களில் பெரும்பாலோர் நம்ம ஆட்கள். எட்டயபுரமும் புதுக்கோட்டைத் தொண்டைமானும் கம்பெனி பக்கம். அந்த வகையில் இதுவும் உள்நாட்டுப் போர்தான்.

இதை உள்ளே இருந்து எழுதியவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி. 1793ல் நம்ம பாண்டிச்சேரி முற்றுகையிலும் இருந்தவர். அவருடைய 'மிலிட்டரி ரெமினிசென்ஸஸ்' 1830ல் லண்டனில் இரண்டு பாகமாக வந்தது. சுவாரசியமான புத்தகம், சந்தேகமே இல்லை. சின்ன மருது தனக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்ததை மறைக்காமல் எழுதுகிறார். பிணக் குவியலில் கிடந்த ஊமைத்துரையைப் பெண்கள் துணி போர்த்தித் தூக்கிப்போய், துரத்தி வந்த எட்டயபுரத்து ஆட்களிடம் 'அம்மை கண்டு செத்த பிள்ளை' என்று சொல்லிக் காப்பாற்றிய கதையும் இதில்தான். எதிரியை இவ்வளவு மரியாதையாக எழுதியவர்கள் குறைவு.

குறை எங்கே? எதிரியைப் பார்த்த அளவுக்குக்கூடப் பக்கத்தில் படுத்திருந்த சிப்பாயை அவர் பார்க்கவில்லை. சிப்பாய் அணிவகுக்கிறான், சுடுகிறான், சாகிறான். அவன் அடுப்பு மட்டும் புகைவதே இல்லை. இத்தனைக்கும் அந்தப் பாளையம் ஒரு நடமாடும் ஊர். சண்டை போடுகிறவர்களைவிடக் கூட வருகிறவர்கள் அதிகம். பஜார், டூலி தூக்குகிறவர்கள், தண்ணீர் சுமக்கிறவர்கள், பல சிப்பாய்களின் பெண்டாட்டி பிள்ளைகள். வெளியூர் போனால் சம்பளத்துக்கு மேல் ஒரு படி. இன்றைக்கு டிரைவர்கள் வாங்குகிற 'பேட்டா' அந்தப் பட்டாளத்திலும் புழங்கிய சொல்தான்.

சின்ன விஷயம்தானே என்கிறீர்களா? ஓர் உத்தரவு வந்தது. அணிவகுப்பில் நெற்றிச் சின்னம் கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது. கூடவே தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை. 1806 ஜூலை 10ல் வேலூர்க் கோட்டை வெடித்தது. சிப்பாயின் அன்றாட வாழ்வு தெரியாத ராஜ்ஜியம் கொடுத்த விலை அது. மருதுவிடம் வளரி கற்ற வெல்ஷ், அதே ஆண்டு நவம்பரில் பாளையங்கோட்டையில் தன் முஸ்லிம் சிப்பாய்கள் சதி செய்கிறார்கள் என்று பயந்து ஆயுதத்தைப் பறித்து வெளியேற்றினார். ராணுவ விசாரணை நடந்தது, அவர் விடுதலையானார். கூடவே இருந்தவர்கள் மனசில் என்ன இருந்தது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

சிப்பாயின் சாப்பாடு பற்றிப் பிரபலமான ஒரே கதை, 1751 ஆற்காட்டு முற்றுகையில் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு வடித்த கஞ்சியைத் தாங்கள் குடித்தார்கள் என்பது. அதைப் பரப்பியதும் மெக்காலேதான். வடக்கே சீதாராம் என்ற சிப்பாயின் சுயசரிதை என்று ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் கிடைக்கிறது, அவர்தான் எழுதினாரா என்று ஆராய்ச்சியாளர்கள் சண்டை போடுகிறார்கள். நம் கதைப்பாடல்களிலும் சினிமாவிலும் கட்டபொம்மன் கர்ஜிக்கிறார். சிப்பாய்க்கு வசனமே கிடையாது.

வெல்ஷைப் படியுங்கள், தப்பில்லை. அவர் விட்ட இடங்களையும் சேர்த்துப் படியுங்கள்.

தேங்காய்த்திட்டிலிருந்து இதை எழுதுகிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்களைச் 'சொல்தா' என்பார்கள். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரான்சுக்காக நின்றவர்கள். பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சமிருப்பவர்களுக்குத் தொண்ணூறு தொடும் வயசு. உங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தால் சண்டையைப் பற்றிக் கேட்காதீர்கள். 'அங்க காலையில என்ன சாப்பிட்டீங்க தாத்தா? மழையில எங்க படுத்தீங்க?' என்று கேளுங்கள். செல்போனில் பதிவு பண்ணுங்கள். நம்ம பில்லிங்ஸ் ஒருவேளை உங்கள் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம்.