வேதாளம் கேட்ட முதற் கேள்வி

தோஹா தொழில்பேட்டையில் எங்கள் அறையில் இருக்கும் இராமநாதபுரத்துப் பையன் தன் கைத்தொலைபேசியில் பழைய அம்புலிமாமா இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமைகளில் வேதாளக் கதைகளைத் தேடி வாசிப்பான். போன மாதம் என்னிடம் கேட்டான்: "கடைசில என்னண்ணே ஆச்சு? அந்தப் பொணத்த யாருக்குத்தான் தூக்கிட்டுப் போறாரு?"

1977க்குப் பின், தென்னிந்தியச் சஞ்சிகைகள் மீதான இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்த நாட்களில், ஊர் வாசிகசாலையில் இதே கதைகளை அடிபட்டு வாசித்த எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

1963இல் எல். ஸ்பிரேக் டி காம்ப் என்ற அமெரிக்கர் எட்டு எழுத்தாளர்களின் வாள், மந்திரக் கதைகளை ஒரு நூலாகத் தொகுத்தார். அவ்வகையில் முதல் தொகுப்பு என்று அதைச் சொல்வார்கள். எங்களிடம் அப்படியொன்று அதற்கு முன்பே மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. பதினோராம் நூற்றாண்டுக் காஷ்மீரத்துச் சோமதேவரின் கதாசரித்சாகரத்தில் வேதாளத்துக்கு இருபத்தைந்து கதைகள்தான். அம்புலிமாமா அதை நூற்றுக்கணக்காகப் பெருக்கியது. எழுதியவர்கள் பலர், பெரும்பாலும் பெயரே போடப்படவில்லை. ஆசிரியர் பீடத்தில் நெடுங்காலம் இருந்தவர் தெலுங்கின் முற்போக்கு எழுத்தாளர் கொடவடிகண்டி குடும்பராவ் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். ஓவியர் சங்கரின் படத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம்: கையில் உருவிய வாள், தோளில் பிணம்.

இச்சஞ்சிகை எங்களை நிலப்பிரபுத்துவக் கனவுகளில் வளர்த்தது என்று நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. எனக்கு உடன்பாடில்லை. அரசனும் வாளும் எங்களைக் கெடுக்கவில்லை. முடிவு இல்லாமற்போனதுதான் கெடுத்தது.

சோமதேவரில் முடிவு இருக்கிறது. பிணத்தைக் கொண்டுவரச் சொன்னவன் ஒரு சந்நியாசி. பத்து வருடங்களாகத் தினமும் அரசனுக்குப் பழம் கொடுத்தவன். ஒவ்வொரு பழத்துள்ளும் ஒரு இரத்தினம். அவனுக்கு வேண்டியது பிணமல்ல, அரசனையே பலி. கடைசியில் வேதாளம் எச்சரிக்கிறது: விழுந்து கும்பிடச் சொல்வான், எப்படி என்று நீயே காட்டு என்று கேள். அரசன் அப்படியே கேட்டு, குனிந்தவனின் தலையை வெட்டுகிறான்.

தொடர்ந்து வரவேண்டிய சஞ்சிகைக்கு இந்த முடிவு ஆகாது. ஆகவே அனுப்பியவன் கதையிலிருந்து மங்கிப்போனான். சுமப்பது மட்டும் மிஞ்சியது. எதற்காக இந்தப் பாடு என்று வேதாளம் ஒவ்வொரு மாதமும் கதைக்கு முன்னால் கேட்கும். எல்லாப் புதிருக்கும் விடை சொன்ன அரசன் அதற்கு மட்டும் வாய் திறந்ததில்லை. நாங்களும் அதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

டி காம்பின் தொகுப்பில் சி. எல். மூரின் கதையொன்று உண்டு. ஜிரெல் என்ற பெண், தன் ஆட்களைச் சிறைவைத்தவனுக்காகப் பேய்க்கோட்டையிலிருந்து ஒரு பெட்டி எடுத்துவரப் போகிறாள். யாருக்காகப் போகிறோம், அவன் எப்படிப்பட்டவன் என்பது அவளுக்கு முதல் பக்கத்திலிருந்தே தெரியும். இலக்கியமாக அது பெரிய கதையல்ல, வர்ணனை அதிகம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எங்கள் அரசனைவிட அவள் விழிப்பானவள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும், பேசினால் பிணம் மரத்துக்குத் திரும்பிவிடும். இந்தப் பொறியிலிருந்து அரசனை விடுவித்தது வாளல்ல. தந்தை மகளையும் மகன் தாயையும் மணந்தால் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்ற புதிருக்கு அவனிடம் விடையில்லை. உண்மையிலேயே தெரியாமல் நடந்தான். அன்றுதான் பிணம் தோளில் தங்கியது.

2006இல் ஒரு மாணவன் வகுப்பு முடிந்தபின் நின்று, போவதா இருப்பதா என்று கேட்டான். நான் அப்போது விரிவுரையாளன். வரலாற்றிலிருந்து உதாரணங்கள் எடுத்து நீளமாகப் பதில் சொன்னேன். தெரியாது என்ற சொல் வாயில் வரவில்லை. அவன் போனான், திரும்பவில்லை. எங்கள் பத்திரிகைகளின் பழைய இதழ்களைப் புரட்டினால், அந்தச் சொல்லை எழுதியவர்கள் அங்கேயும் அரிது.

புலம்பெயர் நாடுகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் நண்பர்கள் விக்கிரமாதித்தன் கதைகளைக் கொடுக்கும்போது கடைசி அத்தியாயத்தையும் சேர்த்துக் கொடுக்கட்டும். தலை வெட்டுவது சிறுவர்க்கு ஆகாது என்றால், அரசன் விடை தெரியாமல் நடந்த அந்த இரவையாவது.