மாலை ஐந்து மணிக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்?

பிள்ளைகளின் படிப்புக்கு உதவ வரும் எந்தத் திட்டமும் ஒரு வீட்டை மனத்தில் வைத்துத்தான் எழுதப்படுகிறது. அந்த வீட்டில் பொழுது சாய்ந்ததும் விளக்கு எரியும். அம்மாவோ அப்பாவோ வேலை முடிந்து வந்திருப்பார்கள். பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெரு அக்காவிடம் போய் ஒன்றரை மணி நேரம் படித்துவிட்டு வரும். கள்ளக்குறிச்சியின் சமவெளி ஊர்களில் இந்த வீடு ஓரளவு இருக்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி, கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கம் போய்விட்டால், அதே வீடு பூட்டிக் கிடக்கிறது, அல்லது அதில் ஒரு பாட்டி மட்டும் இருக்கிறாள்.

அப்படி எழுதப்பட்ட ஒன்றுதான் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம். அது 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. முதலில் எடுத்துக்கொண்ட 12 மாவட்டங்களில் கள்ளக்குறிச்சி இல்லை. பிறகுதான் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. ஏற்பாடு எளிமையானது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கும், பட்டம் பெற்றவர் ஆறு முதல் எட்டு வரைக்கும் மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் கற்றுத் தருவார். ஒரு மையத்துக்கு ஏறத்தாழ 20 பிள்ளைகள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தவர்கள், கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு ஊரோடு நின்றுபோனவர்கள்.

இது வானத்திலிருந்து குதித்த யோசனை அல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் இப்படித்தான் ஊர் இளைஞர்களை நம்பி இறங்கியது. புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்ற கதை பலருக்கும் தெரியும். அந்த இயக்கத்தின் சாயல் இந்தத் திட்டத்தின் கலைக்குழுக்களிலும் பாட்டிலும் தெரிந்தது. ஐயங்களும் கூடவே வந்தன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருகிறார்களா, தன்னார்வலர் என்ற பெயரில் யார் யாரோ பிள்ளைகளிடம் போய்விடுவார்களா என்று திராவிடர் கழகமும் இடதுசாரிகளும் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நடைமுறையில் தெரிந்த குறை அந்தத் திசையில் இல்லை.

முதலில் பலன். கொரோனா அடைப்புக்குப் பின் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஓர் ஆய்வு உண்டு. அபிஜித் சிங், மௌரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் செய்தது. பள்ளிகள் மூடிக் கிடந்ததில் கணக்கில் ஏற்பட்ட இழப்பு, தமிழில் ஏற்பட்டதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டார்கள். பள்ளிகள் திறந்த ஆறே மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள் என்றும் கண்டார்கள். அந்த மீட்பில் சுமார் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது.

இந்த எண்ணை ஆதரிப்பவர்கள் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். எதிர்ப்பவர்கள் காணாததுபோல் இருக்கிறார்கள். நான்கில் ஒரு பங்கு என்பது, இவ்வளவு குறைந்த செலவில், மிகப் பெரிய விஷயம். மீதி முக்கால் பங்குக்குப் பெரும் காரணம் பள்ளிக்கூடம் திறந்ததும் வாத்தியார் வகுப்புக்கு வந்ததும்தான் என்பதும் அதே எண்ணுக்குள் இருக்கிறது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே இந்த மையங்களுக்கு அதிகம் வந்தார்கள் என்பதையும் அந்த ஆய்வு சொல்கிறது. டியூஷனுக்குப் பணம் கட்ட முடிந்தவர் டியூஷனுக்கு அனுப்பினார். முடியாதவருக்குத் தெருவிலேயே ஓர் அக்கா கிடைத்தாள். அரசுத் திட்டங்களில் நலிந்தவருக்குப் போய்ச் சேர வேண்டியது அவருக்கே போய்ச் சேர்வது அபூர்வம்.

ஏன் சேர்ந்தது? நெருக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். கரும்பு வெட்டப் போய் இருட்டும் நேரத்துக்குத் திரும்பும் ஒரு தாய்க்கு, ஹெட்மாஸ்டர் அறையில் போய் நிற்பது எளிதல்ல. தெரு அக்காவிடம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே, “எம்புள்ள இப்பயாவது எழுத்துக்கூட்டிப் படிக்கிறானா?” என்று கேட்டுவிடலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இது நடப்பதில்லை. 2022-இல் திருத்தி அமைத்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர், தலைமைக்கு ஒரு தாய் என்று நல்லபடியாகத்தான் விதி வகுத்தார்கள். ஆனால் கூட்டம் வெள்ளிக்கிழமை, வேலை நாளில். கூலிக்காரருக்கு அந்தக் கூட்டத்தின் விலை ஒரு நாள் சம்பளம். கையெழுத்து நோட்டு வீடு தேடி வந்து போகும் ஊர்களும் உண்டு.

நெருக்கம் மலிவாகவும் கிடைத்துவிட்டது. குறையை நான் அங்கே பார்க்கிறேன். வாரத்தில் ஐந்தாறு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம், அதற்கு மாதம் 1,000 ரூபாய். நாளொன்றுக்கு ஏறத்தாழ நாற்பது ரூபாய் ஆகிறது. ‘தன்னார்வம்’ என்ற சொல் இந்த இடத்தில் ஒரு பெண்ணின் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விடப் பயன்படுகிறது. சத்துணவு, அங்கன்வாடி ஊழியர்கள் பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கும் பேச்சின் அடுத்த அத்தியாயம் இது. பின்னாளில் மையங்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டபோது, இந்தப் பெண்கள் எந்தப் பணியிலிருந்தும் நீக்கப்பட்டவர்களாகக் கணக்கில் வரவில்லை. பணியே இல்லை என்றால் நீக்கம் எப்படி இருக்கும்?

இனி மலைக்கு வருவோம்.

கல்வராயன் மலையில் வாழ்பவர்கள் பழங்குடி மலையாளிகள். கேரளத்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. பேசுவது தமிழ்தான், அவர்களுக்கே உரிய வழக்கில். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. 1976 வரை அங்கே ஜாகீர் முறை இருந்தது. அதாவது இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளையின் தாத்தா, ஜாகீருக்கு வெட்டி வேலை பார்த்தவராக இருக்கலாம். ‘பெற்றோர் ஆர்வம் காட்டுவதில்லை’ என்று கூட்டங்களில் சுலபமாகச் சொல்லப்படும் வாக்கியத்தை, இந்தத் தேதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. 20 பிள்ளைகள் ஒரே தெருவில் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் அங்கே பட்டம் முடித்த ஒருத்தி வேண்டும். அவளும் கிடைத்தாள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் எங்கே? பலர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில், ஹாஸ்டலில். அப்பா அம்மா காபி பறிக்கும் பருவத்தில் கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் எஸ்டேட் வேலைக்குப் போய்விடுகிறார்கள். இல்லத்தைத் தேடிப் போகும் திட்டம் ஒரு காலி இல்லத்தின் வாசலில் போய் நிற்கிறது.

நிர்வாகமும் இதற்கு ஒத்தாசையாக இல்லை. உண்டு உறைவிடப் பள்ளிகள் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் கீழ். இல்லம் தேடிக் கல்வி பள்ளிக்கல்வித் துறையுடையது. வெள்ளிமலையில் இருக்கும் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளி ஒன்றிய அரசின் திட்டம். மலை ஒன்று, எசமானர்கள் மூவர். பாடத்தில் பின்தங்கிய பிள்ளைக்குத் தான் எந்தத் துறையின் பிள்ளை என்று தெரியாது. ஹாஸ்டலில் மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே, காப்பாளரைத் தவிர அவனோடு உட்கார்ந்து எழுத்துக்கூட்ட யாரேனும் இருக்கிறார்களா என்பதை எந்தத் துறை கேட்க வேண்டும்?

இந்த மாலை வகுப்புக்கு மாற்றாகச் சொல்லப்படும் கருவிகளும் சமவெளிக்காரன் தைத்த சட்டைகள்தாம். கல்வித் தொலைக்காட்சி 2019-இல் வந்தது. மணற்கேணி செயலி 2023-இல் வந்தது. சந்தேகம், புகார், மன உளைச்சல் எதுவானாலும் 14417-ஐ அழைக்கலாம். நல்லவையே. சிக்னல் கிடைக்கும் பாறையைத் தேடிப் போகாமல் பேச முடிகிற ஊரில் அவை நல்லவை. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் மட்டும் எனக்கு வேறாகப் படுகிறது. வகுப்பைப் பாராமல், பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துப் பாட்டும் கதையுமாகக் கற்பிக்கிறது. நடுநடுவே பள்ளி விட்டுப் போய்த் திரும்பும் மலைப் பிள்ளைக்கு இது பொருந்தும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அதில் ஓர் இடம் கொடுக்கலாம். விடுகதை போட அவளுக்குப் பாடநூல் தேவையில்லை. அந்த இடத்தை இதுவரை யாரும் முறையாகக் கொடுக்கவில்லை.

ஒரு பிள்ளை இருக்கும் இடம் அரசுக்கு எப்போது தெரிகிறது என்பதற்கும் இதே மாவட்டத்தில் ஒரு சான்று உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய், 5 லட்சம் ரூபாய் வைப்புநிதி, படிப்புச் செலவு என்று அரசு அறிவித்தது. அதைத் தொடர்ந்து சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துத் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பெற்றவர்கள் செத்த பிறகு அரசுக்கு அந்தப் பிள்ளையின் முகவரி துல்லியமாகத் தெரிந்துவிடுகிறது. பெற்றவர்கள் எஸ்டேட்டுக்குப் போயிருக்கும் பிள்ளைக்கு அப்படி ஒரு முகவரி கிடைப்பதில்லை.

திட்டத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மலைக்கு என்று அதன் நாட்காட்டியை மாற்றலாம். பள்ளி நாட்களில் அந்த ஒன்றரை மணி நேரத்தை ஹாஸ்டலுக்குள் கொண்டுபோகலாம். அதே மலையில் பட்டம் முடித்த பெண்ணை, கூலி என்று சொல்லத்தக்க ஒரு தொகை கொடுத்து அங்கே உட்கார வைக்கலாம். கோடை விடுமுறையில் ஹாஸ்டல் பூட்டுகிறார்கள். எஸ்டேட் வேலை முடிந்து அப்பா அம்மா ஊரில் இருக்கிறார்கள், பலாப்பழம் பழுக்கிறது, சாமை விதைக்க இன்னும் நாள் இருக்கிறது. வருடத்தில் அந்தச் சில வாரங்கள்தான் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பது. நம் மையங்கள் அப்போதுதான் திறந்திருக்க வேண்டும்.