காணாப் பொருளுக்கு ஒரு வரைபடம்

கோவையில் பிறந்து, டில்லியில் வளர்ந்து, இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வானியற்பியல் பேராசிரியராக விளங்குபவர் பிரியம்வதா நடராஜன் அம்மையார். அவர் எழுதிய ‘மேப்பிங் த ஹெவன்ஸ்’ என்னும் ஆங்கில நூல் 2016-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பண்டைய வான வரைபடங்களில் தொடங்கி, விரியும் பிரபஞ்சம், கருந்துளை, கரும்பொருள், கரும் ஆற்றல் ஆகிய கருத்துகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு எதிர்க்கப்பட்டன, எவ்வாறு ஏற்கப்பட்டன என்பதை அந்நூல் கூறுகிறது. கோவைக்கு ஐம்பது கிலோமீட்டருக்குள் அமைந்த திருமுருகன்பூண்டியில் இருந்து அதனைப் படிக்கும் நமக்கு, ‘இவர் நம் பக்கத்துப் பெண்மணி’ என்ற பெருமிதம் எழுவது இயல்பே. பெருமிதம் மட்டும் திறனாய்வு ஆகிவிடாது. ஆகவே ஆசிரியரின் சொந்த ஆய்வுத்துறையாகவும் நூலின் உயிர்நிலையாகவும் உள்ள ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். அது ஈர்ப்பு வில்லை.

பொருள் திணிந்த இடத்தின் அருகே ஒளியின் பாதை வளைகிறது என்பது ஐன்ஸ்டைனின் கொள்கை. சூரியனின் விளிம்பை உரசி வரும் விண்மீன் ஒளி 1.75 வினாடிக் கோணம் வளையும் என்று 1915-இல் அவர் கணித்தார். 2.5 சென்டிமீட்டர் அகலமுள்ள நாணயம் ஒன்றை 3 கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்தினால் அது எவ்வளவு சிறிதாகத் தோன்றுமோ, ஏறத்தாழ அவ்வளவே அந்தக் கோணம்! 1919 மே 29-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தின்போது, ஆப்பிரிக்கக் கரையோரத்துப் பிரின்சிபே தீவிலும் பிரேசிலின் சோப்ராலிலும் ஆங்கிலேய வானியலார் எடுத்த படங்கள் அக்கணிப்பை ஆதரித்தன. இதில் தமிழகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1922 செப்டம்பர் 21-ஆம் நாள் கிரகணத்தில் இதையே மீண்டும் அளப்பதற்காகக் கொடைக்கானல் வானாய்வகத்தின் எவர்ஷெட் தம் குழுவினருடன் மேற்கு ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரைக்குச் சென்றார். கருவிக் கோளாறு அம்முயற்சியைக் கெடுத்துவிட்டது. அதே கடற்கரையில் அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தார் வெற்றி கண்டனர்.

இந்த வரலாற்றில் நம் உள்ளத்தை மிகவும் கவர்பவர் ருடி மாண்டில் என்னும் செக் நாட்டவர். ஒரு விண்மீனே மற்றொரு விண்மீனின் ஒளிக்கு வில்லையாக அமையக்கூடும் என்ற எண்ணத்தைச் சுமந்துகொண்டு 1936-இல் ஐன்ஸ்டைனின் கதவையே தட்டினார் அவர். அவருடைய வற்புறுத்தலுக்கு இணங்கி ஐன்ஸ்டைன் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஆனால் இதைக் கண்ணால் காண்பதற்கு வாய்ப்பில்லை என்றே கருதினார். மறு ஆண்டிலேயே ஸ்விக்கி என்ற வானியலார், தனி விண்மீன்களைவிட விண்மீன் மண்டலங்களே சிறந்த வில்லைகளாகும் என்றார். அவர் சொன்னது பலிக்க நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. 1979-இல் பெருங்கரடித் திசையில் 6 வினாடிக் கோண இடைவெளியில் இரட்டையராகத் தோன்றிய இரு குவாசர்கள், உண்மையில் ஒரே குவாசரின் இரு உருவங்கள் எனத் தெளிவாயிற்று. ஒன்றில் நிகழும் ஒளி மாற்றம் மற்றொன்றில் 417 நாட்கள் கழித்தே தெரிகிறது. இரு வழிகளின் நீளமும் வேறு அன்றோ? இத்தகைய காலத் தாழ்வைக் கொண்டே பிரபஞ்சம் விரியும் வேகத்தை அளக்கலாம் என்று நார்வே நாட்டு ரெஃப்ஸ்டால் 1964-இலேயே எழுதியிருந்தார்.

‘வில்லை’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. உருப்பெருக்கிக் கண்ணாடி ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும். அதன் ஓரத்தில் ஒளி மிகுதியாக வளையும். ஈர்ப்பு வில்லையிலோ நடுவை நெருங்கிச் செல்லும் ஒளியே மிகுதியாக வளைகிறது. அதற்குக் குவிபுள்ளி ஒன்று கிடையாது. மேனாட்டு நூல்கள் இதற்கு மதுக்கிண்ணத்தின் அடிப்பாகத்தை உவமை காட்டும். அந்தப் பாத்திரம் நமக்கு வேண்டியதில்லை. தேநீர்க்கடைக் கண்ணாடித் தம்ளரின் தடித்த அடி வழியாக எதிரில் எரியும் விளக்கைப் பார்த்தாலே, ஒளி பிறையாகவும் சில வேளை வளையமாகவும் நீள்வது ஓரளவு விளங்கும்.

மற்றோர் உவமை, இழுத்துக் கட்டிய துணியின் மீது வைத்த குண்டு. பனியன் துணியோடு வாழும் திருப்பூர் வட்டாரத்து வாசகருக்கு இது உடனே பிடித்துவிடும். ஆனால் குண்டு துணியை அமிழ்த்துவதே பூமியின் ஈர்ப்பால்தான். ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே துணைக்கு அழைப்பது முறையாகாது. துணி நமக்கு வேறு விதத்தில் உதவும். விளக்கெரியும் பலகையின் மீது பின்னல் துணியை ஓட்டிப் பார்க்கும் ‘செக்கிங்’ தொழிலாளியை நினைத்துக்கொள்வோம். ஒரு கண்ணி கோணியிருந்தால் அவர் ஒன்றும் சொல்வதற்கில்லை. அது இயல்பான கோணலாகவும் இருக்கலாம். வரிசை வரிசையாகக் கண்ணிகள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், துணியை எதுவோ இழுத்திருக்கிறது என்று கண்டுகொள்வார். வானியலாரும் இதையே செய்கின்றனர். தொலைவிலுள்ள ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்களின் வடிவங்களை அளந்து, அவற்றில் பொதுவாகக் காணும் மிகச் சிறு சாய்விலிருந்து, இடையே எவ்வளவு பொருள், எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடம் வரைகின்றனர். அப்படி வரைந்தபோதுதான், நாம் அறிந்த அணுப்பொருளைப் போல் ஐந்து மடங்குக்கும் மேலாக, ஒளிராத, கண்ணுக்குப் புலனாகாத ஒன்று பரவிக் கிடப்பது உறுதிப்பட்டது. அதுவே கரும்பொருள். 2006-இல் வெளியான ‘புல்லட்’ கொத்தின் ஆய்வு இதற்குப் பெரிய சான்று. இரு கொத்துகள் மோதியதில் சூடான வாயு நடுவே தேங்கிவிட, ஒளியை வளைக்கும் நிறையோ விலகி அப்பால் நின்றது.

அம்மையார் வெற்றிகளை மட்டும் அடுக்கவில்லை என்பதே நூலின் சிறப்பு என்போம். 1919-இல் ஐன்ஸ்டைனுக்காகக் கடல் கடந்த எடிங்டனே, 1935-இல் நம் சந்திரசேகரின் கணிப்பை அவையறிய எள்ளி நகையாடினார். பிரபஞ்சம் அசையாதது என நம்பிய ஐன்ஸ்டைன், அதற்காகவே 1917-இல் தம் சமன்பாட்டில் ஒரு மாறிலியைச் சேர்த்தார். பிரபஞ்சம் விரிவது தெரிந்தபின் அதனைக் கைவிட்டார். 1998-க்குப் பிறகு அதே மாறிலி கரும் ஆற்றல் என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறது.

இங்கே நம் சமுதாயத்துச் சிறுநூல்கள் சிலவற்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. புதிய கண்டுபிடிப்பு எதுவாயினும், ‘இது நம் வேதத்தில் அன்றே உள்ளது’ என்று மறுவாரமே எழுதிவிடுவது அவற்றின் வழக்கம். எழுதுபவரின் ஈமானில் நாம் ஐயம் கொள்ளவில்லை. நம் கேள்வி வேறு. 1917-இல் அசையாத பிரபஞ்சத்துக்கு வசனம் காட்டியிருந்தால், விரியும் பிரபஞ்சம் வந்தபோது எதை மாற்றுவது? அறிவியல் தன் சொல்லைத் திருத்திக்கொள்ளும். இறைவாக்கை அதன் வாலில் கட்டுவது மார்க்கத்துக்கும் நன்மையன்று, அறிவுக்கும் நன்மையன்று.

நம் முன்னோர் இவ்வாறு செய்யவில்லை. பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம், ஒளி கண்ணிலிருந்து புறப்படுவதில்லை, பொருளிலிருந்து கண்ணை வந்தடைகிறது என்று ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் ஆய்ந்து நிறுவினார். தாலமியின் மீது ஐயங்களை எழுப்புவதற்கென்றே தனி நூல் ஒன்றும் இயற்றினார். பெரியோர் சொன்னதாயினும் சோதித்தே ஏற்க வேண்டும் என்பது அவர் வழி. 964-இல் தம் விண்மீன் நூலை முடித்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, ஆந்திரமேடாவை ஒரு சிறு மேகமாகக் கண்டு, கண்டதைக் கண்டபடியே குறித்தார். அது நம் பால்வெளிக்கு அப்பாற்பட்ட தனி மண்டலம் என்பது 1920-களில்தான் தெரிந்தது.

நூலில் குறை இல்லாமல் இல்லை. நெடிய வரலாற்றை ஒரே நூலில் அடக்கும் விரைவில், அளவீட்டின் நுணுக்கம் பல இடங்களில் சுருங்கிவிடுகிறது. படம் எவ்வாறு எடுக்கப்பட்டது, பிழை எவ்வாறு கழிக்கப்பட்டது என்பன போன்றவற்றை இன்னும் சற்று நின்று சொல்லியிருக்கலாம். காலமும் நூலைக் கடந்துவிட்டது. 2023-இல் ஏபெல் 2744 என்ற விண்மீன் மண்டலக் கொத்தை வில்லையாகக் கொண்டு, ஜேம்ஸ் வெப், சந்திரா ஆகிய இரு தொலைநோக்கிகளும் யூஎச்இசட்-1 என்ற மண்டலத்தைக் கண்டன. பிரபஞ்சத்துக்கு 47 கோடி ஆண்டு வயதானபோது புறப்பட்ட ஒளி அது. வில்லை அதனை ஏறத்தாழ நான்கு மடங்கு பெருக்கிக் காட்டியிராவிடில் அங்குள்ள கருந்துளையின் எக்ஸ் கதிர்கள் சிக்கியிரா. ஆதியில் பெரும் வாயுத்திரள் நேரே சரிந்து பெரிய கருந்துளைகள் உருவாகியிருக்கலாம் என்று அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் முன்பே கூறியிருந்தனர். ‘சந்திரா’ என்பது எடிங்டன் எள்ளிய அதே சந்திரசேகரின் பெயர். கருந்துளைகள் எவ்வாறு விதையூன்றின என்ற விவாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

கலைக்கதிர் இதழ் கோவையிலிருந்து அறிவியலுக்குத் தமிழ்ச் சொல் படைத்துத் தந்த மண் இது. இந்நூலைத் தமிழாக்க முன்வருவோர், ‘வில்லை’ என்ற சொல்லுக்கு அருகே நாம் மேலே சொன்ன வேறுபாட்டையும் ஓர் அடிக்குறிப்பாகச் சேர்த்தல் வேண்டும்.